புதிதாக வந்த நொதி டியூப்: முதலில் செய்ய வேண்டியவை

தெர்மகோல் பெட்டியைத் திறந்தால் உலர்பனிக்கு நடுவே சுண்டுவிரல் நுனி அளவில் ஒரு டியூப் இருக்கும். அடியில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருப்பது கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும். லேபிளில் 50 மைக்ரோகிராம் என்று போட்டிருக்கும். ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிறவர் அந்த எண்ணை அப்படியே நம்பி, அன்றைக்கே தன் மருந்து மூலக்கூறைச் சோதிக்க உட்கார்ந்துவிடுகிறார். ஆறு மாதம் கழித்து எண்கள் ஒன்றோடொன்று ஒட்டாதபோதுதான் கேள்வி வருகிறது: அந்த 50 மைக்ரோகிராமில் வேலை செய்யும் நொதி எவ்வளவு?

லேபிள் சொல்வது எடை. நமக்கு வேண்டியது உயிர்ப்புள்ள மூலக்கூறுகளின் எண்ணிக்கை. இரண்டும் ஒன்றல்ல. அந்த இரண்டாவது எண்ணை உங்கள் கையாலேயே கண்டுபிடிக்கும் வழியைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். எடுத்துக்காட்டாக மனிதக் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் 2 என்ற நொதியை எடுத்துக்கொள்கிறேன். வேறு நொதியோடு வேலை செய்கிறவர்களும் படிகளின் வரிசையை அப்படியே பின்பற்றலாம். வேதிப்பொருட்கள் மட்டும் மாறும்.

ஏன் இந்த நொதி

கார்பன் டை ஆக்சைடையும் நீரையும் சேர்த்து பைகார்பனேட் ஆக்குவதும், திரும்பப் பிரிப்பதும் இதன் வேலை. நம் சிவப்பணுக்களில் இது இல்லையென்றால், திசுக்களில் உருவாகும் கார்பன் டை ஆக்சைடை இரத்தம் நுரையீரலுக்குச் சுமந்துபோகும் வேகம் போதாது. 1933-இல் கேம்பிரிட்ஜில் மெல்ட்ரமும் ரௌட்டனும் இதைப் பற்றி எழுதினார்கள். சில ஆண்டுகளில், 1940 வாக்கில், கெய்லினும் மேனும் இதனுள் துத்தநாகம் இருப்பதைக் காட்டினார்கள். துத்தநாகம் கொண்ட நொதி என்று முதன்முதலில் அறியப்பட்டது இதுதான். ஒரு மூலக்கூறு நொடிக்குப் பத்து லட்சம் கார்பன் டை ஆக்சைடு வரை மாற்றும். இதைத் தடுக்கும் அசெட்டசோலமைடு, கண் அழுத்த நோய்க்கும் மலையேறுவோருக்கு வரும் உயர நோய்க்கும் தரப்படுகிறது. இந்த நொதியின் முப்பரிமாண அமைப்பைப் பார்த்து வடிவமைத்த டோர்சோலமைடு என்ற கண் சொட்டு மருந்து 1995-இல் விற்பனைக்கு வந்தது.

புதியவர்களுக்கு இதை நான் பரிந்துரைப்பது புகழுக்காக அல்ல. இது சிறியது, ஏறக்குறைய 29 கிலோ டால்டன்தான் (புரத மூலக்கூறின் எடையைச் சொல்லும் அலகு). ஒற்றைச் சங்கிலி. சங்கிலிக்குள் டைசல்பைடு பிணைப்பு கிடையாது. ஈ. கோலை பாக்டீரியாவிலேயே நன்றாக மடிந்து வரும். கரைசல் ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளக்கும் சாதாரண ஸ்பெக்ட்ரோமீட்டரிலேயே இதன் வேலையைப் பார்க்கலாம். இதையெல்லாம் விட முக்கியமான காரணம் ஒன்று: ஒன்றுக்கு ஒன்றாக இறுக்கமாக ஒட்டும் தடுப்பான் கையில் இருப்பதால், உயிர்ப்புள்ள மூலக்கூறுகளை எண்ணியே விடலாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு வாரங்களுக்கு மனித நொதியைத் தொடவே வேண்டாம். மாட்டு இரத்தத்திலிருந்து எடுத்த கார்பானிக் அன்ஹைட்ரேஸ் மில்லிகிராம் கணக்கில், மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. புரத ஜெல்லில் ஓடவிடும் அளவுகோல் கலவைகளில் 29 அல்லது 31 கிலோ டால்டன் பட்டையாகப் பல இடங்களில் நிற்பதும் இதே மாட்டு நொதிதான். கை பழகுவதற்கு அது போதும். பிப்பெட் பிடிக்கும் கை நடுங்காத பிறகு மனித நொதியைத் திறங்கள்.

முதல் படி: சான்றிதழை முழுதாகப் படிப்பது

டியூபுடன் வரும் பகுப்பாய்வுச் சான்றிதழை யாரும் படிப்பதில்லை. அதில் நீங்கள் தேட வேண்டியவை சில.

எந்த உயிரணுவில் உருவாக்கியது, சங்கிலியின் எந்த அமினோ அமிலத்திலிருந்து எதுவரை இருக்கிறது என்று பாருங்கள். மனிதக் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் 2 முழுநீளம் என்றால் செரின் 2 முதல் லைசின் 260 வரை. ஹிஸ் டேக், அதாவது சுத்திகரிக்க வசதியாகப் புரதத்தின் முனையில் சேர்க்கும் ஹிஸ்டிடின் அமினோ அமிலங்களின் வரிசை, இருக்கிறதா, எந்த முனையில் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆறு ஹிஸ்டிடின்கள் உலோக அயனிகளைப் பிடிக்கும் இயல்புடையவை. துத்தநாகத்தை அளக்கும் சோதனை ஏதாவது செய்யப்போகிறீர்கள் என்றால் இது உங்களைக் குழப்பும்.

அடுத்து, கூடவே பிஎஸ்ஏ (மாட்டு இரத்தத்திலிருந்து எடுக்கும் ஆல்புமின் புரதம்) சேர்த்திருக்கிறார்களா என்பது. சிலர் புரதம் டியூபின் சுவரில் ஒட்டாமலிருக்க பிஎஸ்ஏ சேர்த்து விற்பார்கள். இந்த வேலைக்கு அது ஆகாது. ஏன் என்பது பின்னால் வரும். பிஎஸ்ஏ சேர்க்காததையே கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக, வினைத்திறன் அலகு. ஒரு நிறுவனம் எஸ்டர் உடைக்கும் வேகத்தை அளந்து பிகோமோல் கணக்கில் தரும். இன்னொன்று கார்பன் டை ஆக்சைடு வினையை அளந்து வில்பர்-ஆண்டர்சன் அலகில் தரும். இரண்டும் வேறு வேறு வினைகள், வேறு வெப்பநிலைகள். ஒன்றை மற்றொன்றாக மாற்றும் வாய்பாடு கிடையாது. "அவர்களுடையது 3,000 அலகு, இவர்களுடையது 500 அலகுதான்" என்று விலை பேசப் போகாதீர்கள்.

இரண்டாம் படி: பெட்டியைத் திறப்பது

உலர்பனி மைனஸ் 78 டிகிரி செல்சியஸ். வெறுங்கையால் தொடக்கூடாது, காற்றோட்டமில்லாத சிறிய அறையில் திறந்து வைக்கக்கூடாது. இது எல்லோருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது: உலர்பனி என்பதே கார்பன் டை ஆக்சைடுதான். மூடி சற்றுத் தளர்ந்த டியூபுக்குள் அந்த வாயு புகுந்தால், கரைசல் உருகும்போது அமிலத்தன்மை ஏறும். திரவமாக வந்த புரதம் என்றால் உடனே உருக்க வேண்டாம். உலர்பனியை விட்டு எடுத்து மைனஸ் 80 ஃப்ரீசரில் ஒரு நாள் வைத்து, புகுந்த வாயு வெளியேறிய பிறகு உருக்குங்கள்.

தூளாக வந்ததென்றால், மூடியைத் திறப்பதற்கு முன் ஒரு நிமிடம் சென்ட்ரிஃப்யூஜில் சுற்றுங்கள். பயணத்தில் தூள் மூடியின் உட்பக்கம் ஏறி ஒட்டியிருக்கும். திறந்ததும் பறந்துபோனால் உங்கள் 50 மைக்ரோகிராம் அங்கேயே 30 ஆகிவிடும்.

மூன்றாம் படி: கரைப்பது, பங்கிடுவது

இந்த நொதிக்கு ஒரு எளிய நினைவுக்கணக்கு உண்டு. மி.லி.-க்கு 29 மைக்ரோகிராம் என்றால் 1 மைக்ரோமோலார். 50 மைக்ரோகிராமை ஏறக்குறைய 170 மைக்ரோலிட்டரில் கரைத்தால் 10 மைக்ரோமோலார் கரைசல் கிடைக்கும். சோதனைத் தட்டில் உள்ள 200 மைக்ரோலிட்டர் கிணறு (சிறு குழி) ஒன்றில் 0.2 மைக்ரோமோலார் நொதி போடுவதாக வைத்துக்கொண்டால், ஒரு டியூபில் 40 கிணறுகளுக்குச் சற்று மேல் ஓட்டலாம். அவ்வளவுதான் இருப்பு. கையிருப்பு எத்தனை கிணறு என்று தெரிந்தபின் யாரும் வீணாக்க மாட்டார்கள்.

கரைக்க 20 மில்லிமோலார் ஹெப்பீஸ் அல்லது டிரிஸ் சல்பேட் பஃபர் (பி.எச். மாறாமல் காக்கும் கரைசல்), பி.எச். 7.5 போதும். டிரிஸ் என்றால் ஒரு எச்சரிக்கை. அதன் பி.எச். வெப்பநிலையோடு மாறும், ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.03 வீதம். குளிர் அறையில் 7.5 என்று சரிசெய்த பஃபர், 25 டிகிரியில் 7-ஐ நெருங்கிவிடும். எந்த வெப்பநிலையில் சோதனையோ அந்த வெப்பநிலையிலேயே பி.எச். பாருங்கள்.

தூளின் மேல் பஃபரை விட்டு, பனிக்கட்டியில் கால் மணி நேரம் சும்மா வையுங்கள். பிறகு மெதுவாகப் பிப்பெட்டால் இரண்டு மூன்று முறை இழுத்து விடுங்கள். வோர்டெக்ஸ் என்ற குலுக்கும் கருவியில் வைத்து நுரை எழுப்பக்கூடாது. நுரையின் மேற்பரப்பில் புரதம் விரிந்து கெடும்.

கரைத்ததை அன்றே 10 அல்லது 20 மைக்ரோலிட்டர் அலிகோட்டுகளாக, அதாவது சிறு பங்குகளாக, பிரித்து மைனஸ் 80-இல் வைத்துவிடுங்கள். ஒரு அலிகோட் ஒரே முறைதான் உருக வேண்டும். மிச்சத்தைத் திரும்ப உறையவைக்கும் ஆசை வரும். வேண்டாம். பனி படியாத வகை ஃப்ரீசர்கள் தானாகவே அவ்வப்போது சூடேறிப் பனியை உருக்குபவை, அவற்றிலும் வைக்காதீர்கள். மின்சாரம் அடிக்கடி போகும் இடமென்றால், அலிகோட்டுகளை இரண்டு ஃப்ரீசர்களில் பாதிப் பாதியாக வைப்பது நல்லது.

இன்னொரு இழப்பு கண்ணுக்கே தெரியாது. நானோமோலார் அளவுக்கு நீர்த்த புரதம் பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொள்ளும். நீர்த்த கரைசலைக் காலையில் செய்து மாலை வரை பயன்படுத்தினால், மாலையில் டியூபில் இருப்பது காலையில் இருந்ததல்ல. புரதம் ஒட்டாத வகை டியூபில், 0.01 சதவீதம் ட்வீன்-20 என்ற சோப்புப் போன்ற பொருளைச் சேர்த்து, அந்தந்தச் சோதனைக்கு முன் நீர்த்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: மொத்தப் புரதம் எவ்வளவு

280 நானோமீட்டரில் உறிஞ்சலைப் பாருங்கள். இந்த நொதியில் ஏழு டிரிப்டோஃபன் இருப்பதால் உறிஞ்சல் நன்றாகவே தெரியும். மோலார் உறிஞ்சல் எண், அதாவது 1 மோலார் கரைசல் ஒரு செ.மீ. பாதையில் காட்டும் உறிஞ்சல், ஏறக்குறைய 54,000. ஆகவே 10 மைக்ரோமோலார் கரைசல் ஒரு செ.மீ. பாதையில் 0.54 காட்ட வேண்டும். 0.35 காட்டினால் லேபிளை நம்பாமல் இந்த எண்ணையே எழுதிக்கொள்ளுங்கள். ஒரு மைக்ரோகிராமை ஜெல்லிலும் ஓட்டிப் பார்த்துவிடுங்கள். 29-க்கும் 31-க்கும் இடையில் ஒற்றைப் பட்டை தெரிந்தால் போதும்.

ஐந்தாம் படி: மஞ்சள் நிறச் சோதனை

இந்த நொதியின் இயல்பான வேலை கார்பன் டை ஆக்சைடோடுதான். ஆனால் துத்தநாகத்தோடு ஒட்டியிருக்கும் அதே நீர் மூலக்கூறு சில எஸ்டர்களையும் உடைக்கும். பாரா-நைட்ரோஃபீனைல் அசிட்டேட் என்ற எஸ்டரைக் கொடுத்தால் பாரா-நைட்ரோஃபீனால் விடுபட்டுக் கரைசல் மஞ்சளாகும். இனிமேல் அந்த எஸ்டரைப் பிஎன்பிஏ என்றே சொல்கிறேன்.

9 மில்லிகிராம் பிஎன்பிஏ-வை 1 மி.லி. அசிட்டோநைட்ரைலில் கரைத்தால் 50 மில்லிமோலார். அதிலிருந்து 4 மைக்ரோலிட்டர், 200 மைக்ரோலிட்டர் கிணற்றுக்கு. இறுதி அளவு 1 மில்லிமோலார். இந்தக் கரைசலை அன்றன்றைக்குச் செய்யுங்கள். நிறமற்று இருக்க வேண்டிய கரைசலில் லேசான மஞ்சள் தெரிந்தாலே அது தானாக உடைய ஆரம்பித்துவிட்டது, கொட்டிவிடுங்கள். அசிட்டோநைட்ரைல் தீப்பற்றும், நச்சும்கூட. புகைபோக்கி அறைக்குள்தான் கையாள வேண்டும். சிங்க்கில் ஊற்றக்கூடாது.

எந்த அலைநீளம் என்பதில் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். மஞ்சள் நிறம் 400 நானோமீட்டரில் மிக வலுவாகத் தெரியும். ஆனால் பாரா-நைட்ரோஃபீனால் முழுவதும் மஞ்சளாக இருப்பதில்லை. பி.எச். 7.5-இல் ஏறக்குறைய எழுபது சதவீதம்தான் மஞ்சள் வடிவம், மிச்சம் நிறமற்றது. பி.எச். சற்று நழுவினாலும் அதே அளவு பொருள் வேறு எண்ணைக் காட்டும். 348 நானோமீட்டரில் இரு வடிவங்களும் ஒரே அளவு உறிஞ்சும். அங்கே மோலார் உறிஞ்சல் எண் ஏறக்குறைய 5,000. குவெட்டில் (ஒரு செ.மீ. அகலச் சிறு கண்ணாடிக் கலத்தில்) செய்கிறவர்கள் 348-இல் செய்யுங்கள். 96 கிணற்றுத் தட்டில் செய்கிறவர்கள் 400-இல் செய்யலாம், ஆனால் அதே பஃபரில் பாரா-நைட்ரோஃபீனால் வரிசை ஒன்றைப் போட்டு நேர்கோடு வரைந்துகொள்ள வேண்டும். தட்டில் ஒளி கடக்கும் பாதை ஒரு செ.மீ. கிடையாது என்ற தொல்லையும் அந்த நேர்கோட்டோடு தீர்ந்துவிடும்.

நொதியும் பஃபரும் முதலில், பிஎன்பிஏ கடைசியில். கலந்த முதல் இரண்டு மூன்று நிமிடங்களின் சரிவை மட்டும் எடுங்கள். எவ்வளவு எதிர்பார்க்கலாம்? இந்த எஸ்டரோடு இந்த நொதியின் வினைத்திறன், அதாவது கே-கேட்டை (ஒரு நொதி மூலக்கூறின் உச்ச வேகம்) கே-எம்மால் (பாதி உச்ச வேகம் வர வேண்டிய எஸ்டர் அளவு) வகுத்து வருவது, மோலாருக்கு நொடிக்கு 2,000 முதல் 3,000 வரை. 0.2 மைக்ரோமோலார் நொதியும் 1 மில்லிமோலார் எஸ்டரும் இருந்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 30 மைக்ரோமோலார் விளைபொருள். குவெட்டில் 348-இல் நிமிடத்துக்கு 0.15 ஏற்றம். உங்களுக்கு 0.1 வந்தால் கவலை இல்லை. 0.02 வந்தால் நின்று யோசிக்க வேண்டும். 0.6 வந்தாலும் நின்று யோசிக்க வேண்டும். மகிழ்ச்சியடையாதீர்கள். அது பெரும்பாலும் நொதியின் வேலை அல்ல.

பொய் மஞ்சள்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும்தான் நினைவில் வைத்துக்கொள்வேன் என்று யாராவது சொன்னால், இதை வைத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

பிஎன்பிஏ சண்டைக்காரப் பொருள். எது கிடைத்தாலும் வினைபுரியும். வெறும் பஃபரிலேயே மெதுவாக உடையும். டிரிஸ் ஒரு அமீன் என்பதால் சற்று வேகமாகவே உடைக்கும். ஆகவே நொதி இல்லாத பிளாங்க் கிணறு கட்டாயம். அதுவும் ஒன்று போதாது, மூன்று வையுங்கள். பிளாங்க்கின் சரிவைக் கழித்த பிறகு வருவதே நொதியின் வேகம்.

பிளாங்க்கில் எது இருக்க வேண்டும் என்பதில்தான் தவறு நடக்கிறது. நொதி கரைந்திருந்த பஃபரில் உள்ள அனைத்தும், அதே அளவில், பிளாங்க்கிலும் இருக்க வேண்டும், நொதியைத் தவிர.

நான் மாணவனாக இருந்தபோது, ஹிஸ் டேக்கைப் பிடித்துவைக்கும் நிக்கல் பத்தியில் நானே இந்த நொதியைச் சுத்திகரித்தேன். ஹிஸ் டேக் புரதத்தை வெளியே எடுக்க 250 மில்லிமோலார் இமிடசோல் ஊற்றுவோம். வெளிவந்த ஒவ்வொரு பகுதியையும் அப்படியே எடுத்து பிஎன்பிஏ-வில் போட்டேன். அத்தனையும் நொடியில் மஞ்சள். இப்படி ஒரு வினைத்திறனா என்று மூன்று வாரம் அதன் மேலேயே வேலை செய்தேன். ஜெல்லில் பட்டையே இல்லாத கடைசிப் பகுதியும் அதே வேகத்தில் மஞ்சளானதைப் பார்த்த அன்றுதான் புரிந்தது. இமிடசோலே பிஎன்பிஏ-வை உடைக்கும். வேதியியல் பாடநூல்களில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கும் செய்தி அது. நொதியின் வேகத்தை எளிதில் மூடி மறைத்துவிடும். அந்த மூன்று வாரத் தரவில் ஒரு எண்கூடப் பயன்படவில்லை. நிக்கல் பத்தியிலிருந்து வந்த எதையும் டயாலிசிஸ் செய்தோ, உப்பு நீக்கும் பத்தியில் ஓட்டியோ இமிடசோலை நீக்கிய பிறகே சோதியுங்கள்.

புரதத்தின் சிஸ்டீன்களைக் காக்கப் போடும் டிடிடி, மெர்காப்டோஎத்தனால் போன்ற தையால்களும் (கந்தகம் கொண்ட பொருட்கள்) இதே வேலையைச் செய்யும். புரதம் என்றாலே டிடிடி போட வேண்டும் என்ற பழக்கம் பலருக்கு உண்டு. இந்த நொதியில் இருப்பது ஒரே ஒரு சிஸ்டீன். டிடிடி இதற்குத் தேவையே இல்லை. போட்டால் கரைசலை மஞ்சளாக்கும், துத்தநாகத்தோடும் விளையாடும்.

பிஎஸ்ஏ-வும் பிஎன்பிஏ-வைத் தாக்கும். மேலே பிஎஸ்ஏ சேர்க்காத டியூபைக் கேட்டு வாங்கச் சொன்னதன் காரணம் இதுதான்.

எதிர்ப்பக்கத்தில், நொதியைச் சத்தமில்லாமல் அடக்கும் பொருட்களும் இருக்கின்றன. பஃபர் கெடாமலிருக்கப் போடும் சோடியம் அசைடு இந்த நொதியைத் தடுக்கும். வழக்கமாகப் போடும் 0.02 சதவீதம் என்பது 3 மில்லிமோலார். இந்த நொதிக்கு அது சிறிய அளவல்ல. சயனைடு, தயோசயனேட் போன்ற எதிர்மின் அயனிகளும் துத்தநாகத்தில் போய் உட்காரும். அலமாரியில் யாரோ செய்துவைத்த பஃபர் பாட்டிலை எடுக்காமல், உங்கள் பஃபரை நீங்களே செய்யச் சொல்வது இதனால்தான்.

வெப்பநிலையும் சேர்த்திதான். குளிர்சாதனம் இல்லாத அறையில் காலை 27 டிகிரி, மதியம் 34 டிகிரி என்றால் பிளாங்க்கும் நொதியும் இரண்டுமே ஓடும் வேகம் மாறும். 25 டிகிரியில் நிலைநிறுத்தும் வசதி கருவியில் இருந்தால் அதைப் போட்டு, தட்டைப் பத்து நிமிடம் உள்ளே வைத்த பிறகு தொடங்குங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு ஓட்டத்திலும் பிளாங்க் வையுங்கள், நேற்றைய பிளாங்க்கை இன்றைக்குக் கழிக்காதீர்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் இது நம் நொதியின் மஞ்சள்தானா என்ற ஐயம் இருந்தால், அதைத் தீர்க்க ஒரு கிணறு போதும். 10 மைக்ரோமோலார் அசெட்டசோலமைடு சேர்த்து ஓட்டுங்கள். வேகம் பிளாங்க்கோடு ஒட்டிப் படுத்துவிட வேண்டும். அசெட்டசோலமைடு போட்டும் நிற்காத மஞ்சள் நம் நொதியுடையது அல்ல.

ஆறாம் படி: உயிர்ப்புள்ளதை எண்ணுவது

இப்போது தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம்.

நொதியின் நடுவே மூன்று ஹிஸ்டிடின்கள், 94, 96, 119 என்ற எண்களில் இருப்பவை, ஒரு துத்தநாக அயனியைப் பிடித்திருக்கின்றன. அசெட்டசோலமைடு நேராக அந்தத் துத்தநாகத்தில் போய் ஒட்டும். ஒரு மூலக்கூறுக்கு ஒன்று. பிடி மிக இறுக்கம், கே-ஐ மதிப்பு (குறைந்தால் பிடி இறுக்கம் என்று பொருள்) 10 நானோமோலாரை ஒட்டியது. துத்தநாகம் இழந்த நொதியிலோ, தவறாக மடிந்த நொதியிலோ இப்படி ஒட்டாது. ஆக, எத்தனை அசெட்டசோலமைடு செலவானால் மஞ்சள் நிற்கிறதோ, அத்தனை உயிர்ப்புள்ள நொதி இருக்கிறது என்று பொருள்.

செய்முறை இது. 2.2 மில்லிகிராம் அசெட்டசோலமைடை 1 மி.லி. டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்தால் 10 மில்லிமோலார். அதைப் படிப்படியாக நீர்த்து, கிணறுகளில் 0, 25, 50, 75, 100, 150, 200, 300, 1,000 நானோமோலார் என்று வையுங்கள். எல்லாக் கிணறுகளிலும் டிஎம்எஸ்ஓ ஒரே அளவு இருக்கட்டும், ஒரு சதவீதத்துக்குள். 280 நானோமீட்டர் கணக்கின்படி 200 நானோமோலார் வரும் அளவுக்கு நொதியைச் சேர்த்து, 15 நிமிடம் விடுங்கள். ஒட்டுவதற்கு நேரம் வேண்டும், அவசரப்பட்டால் எண் தவறும். பிறகு பிஎன்பிஏ சேர்த்து வேகம் பாருங்கள்.

கிடைமட்ட அச்சில் அசெட்டசோலமைடு அளவு, செங்குத்து அச்சில் பிளாங்க் கழித்த வேகம். முதல் நான்கைந்து புள்ளிகள் நேர்கோட்டில் இறங்கும், பிறகு வளைந்து தரையை, அதாவது கிடைமட்ட அச்சை, தொடும். அந்த நேர்கோட்டு இறக்கத்தை அளவுகோல் வைத்துக் கீழே நீட்டுங்கள். தரையை எங்கே வெட்டுகிறதோ அதுவே உயிர்ப்புள்ள நொதியின் அளவு. 200 என்று நினைத்துப் போட்டது 140-இல் வெட்டினால், உங்கள் டியூபில் எழுபது சதவீதம்தான் வேலை செய்கிறது. இனி எல்லாக் கணக்கிலும் 140-ஐயே போடுங்கள். பொறுமையாக அரை நாள் ஒதுக்கினால் முடியும் வேலை. இதைச் செய்யாமல் வந்த வினைத்திறன் எண்களை நான் நம்புவதில்லை.

இதிலிருந்தே இன்னொரு பாடமும் கிடைக்கிறது. புதிய தடுப்பான் மூலக்கூறு ஒன்றைச் சோதித்து, பாதி வேகம் குறையும் அளவு 110 நானோமோலார் என்று ஒரு மாணவர் மகிழ்ச்சியோடு எழுதுவார். சோதனையில் நொதியே 200 நானோமோலார் இருக்கும். பாதி நொதியை அடைக்கவே 100 நானோமோலார் தடுப்பான் வேண்டும். அவர் அளந்தது தடுப்பானின் வலிமையை அல்ல, தான் போட்ட நொதியின் பாதியைத்தான். மிச்சமுள்ள 10 நானோமோலார்தான் தடுப்பானைப் பற்றிச் சொல்கிறது. பாதி வேக அளவு நொதியின் அளவில் பாதிக்குக் கீழே போகவே முடியாது. ஐந்து நானோமோலார் தடுப்பானும் அரை நானோமோலார் தடுப்பானும் இந்தச் சோதனையில் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். இறுக்கமான தடுப்பான்களுக்கு, நொதியோடு ஒட்டிச் செலவாகும் தடுப்பானையும் கணக்கில் எடுக்கும் மாரிசன் சமன்பாட்டைப் பயன்படுத்துங்கள். அதற்கு உயிர்ப்புள்ள நொதியின் அளவு தெரிந்திருக்க வேண்டும், அது இப்போது உங்கள் கையில் இருக்கிறது.

ஸ்பெக்ட்ரோமீட்டர் கிடைக்காத இடத்தில்

எல்லாக் கல்லூரியிலும் கருவி கிடைக்காது. 1948-இல் வந்த வில்பர்-ஆண்டர்சன் முறைக்குப் பனிக்கட்டியும் நிறுத்து கடிகாரமும் போதும். எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது, நொதியின் உண்மையான வேலையையே கண்ணால் பார்க்கலாம்.

குளிர்ந்த நீரில் அரை மணி நேரம் கார்பன் டை ஆக்சைடைக் குமிழ்விட்டு நிறைத்து, பனிக்கட்டியில் வையுங்கள். இன்னொரு குடுவையில் 20 மில்லிமோலார் டிரிஸ் பஃபர், பி.எச். 8.3, 6 மி.லி. அதில் சில துளி புரோமோதைமால் நீலம். நீல நிறத்தில் இருக்கும். 4 மி.லி. கார்பன் டை ஆக்சைடு நீரை வேகமாக ஊற்றிக் கடிகாரத்தை அழுத்துங்கள். நீலம் பச்சையாகி மஞ்சளாகும். பி.எச். மீட்டர் இருந்தால் 8.3-இலிருந்து 6.3-க்கு இறங்கும் நேரத்தைக் குறிக்கலாம். நொதி இல்லாமல் ஆகும் நேரத்திலிருந்து நொதியோடு ஆகும் நேரத்தைக் கழித்து, நொதியோடு ஆகும் நேரத்தால் வகுத்தால் அலகு கிடைக்கும். எல்லாமே பனிக்கட்டிக் குளிரில் இருக்க வேண்டும். சற்றுச் சூடேறினாலும் நொதி இல்லாத குடுவையே வேகமாக மாறி, வித்தியாசம் தெரியாமல் போகும். நொதியை மிகவும் நீர்த்துப் போடுங்கள், இல்லையென்றால் கடிகாரத்தை அழுத்துவதற்குள் மஞ்சளாகிவிடும்.

நீங்களே தயாரிக்க நினைத்தால்

பாக்டீரியாவில் இந்த நொதியை உருவாக்குவது கடினமல்ல. தூண்டும் நேரத்தில் வளர்ப்பு ஊடகத்தில் துத்தநாக சல்பேட் சேர்க்க மறக்காதீர்கள். பாக்டீரியாவுக்குத் துத்தநாகம் போதாவிட்டால் புரதம் நிறைய வரும், ஆனால் பாதி துத்தநாகம் இல்லாமல் காலியாக வரும். ஜெல்லில் அழகான பட்டை தெரியும், ஆறாம் படியில்தான் குட்டு உடையும். இந்தியாவில் மரபணு மாற்றிய பாக்டீரியாவோடு வேலை தொடங்கும் முன் நிறுவனத்தின் உயிரிப் பாதுகாப்புக் குழுவிடம் தெரிவித்து, ஒப்புதல் வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.  விலைக்கு வாங்கிய சுத்தமான புரதத்தில் உயிருள்ள பாக்டீரியா எதுவும் இல்லை, ஆனால் அது ஆய்வுக்கு மட்டுமே. மனிதருக்கோ விலங்குக்கோ மருந்தாகச் செலுத்தத் தக்கதல்ல என்று லேபிளிலேயே எழுதியிருக்கும்.

பதிவேடு

பதிவேட்டில் நொதிக்கென ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மேலே லாட் எண் (நிறுவனம் ஒரே தடவையில் தயாரித்த தொகுதியின் எண்), வந்த தேதி, கரைத்த தேதி, கரைத்த பஃபர். அதன் கீழ் மூன்று எண்கள்: லேபிள் சொன்ன எடை, 280 நானோமீட்டர் சொன்ன அளவு, அசெட்டசோலமைடு சொன்ன அளவு. புதிய லாட் வந்தால் மூன்றையும் புதிதாக எடுக்க வேண்டும், முந்தைய லாட்டின் எழுபது சதவீதம் இதற்குப் பொருந்தாது. பழைய அலிகோட் ஒன்றையும் புதியதையும் ஒரே தட்டில் பக்கத்துப் பக்கத்தில் ஓட்டிப் பாருங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஃப்ரீசரின் அடியில் கிடக்கும் அலிகோட்டை எடுத்து அதே நேர்கோட்டை மறுபடி வரைந்து, வெட்டும் புள்ளியைத் தேதியோடு அந்தப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.